அடுத்து குடிவரப் போகிறவரின் சுவர்

ஷேட் கார்டில் இரண்டு சதுரங்கள். ஒன்று பிஸ்கட் கலர். இன்னொன்றும் பிஸ்கட் கலர்தான். ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார்: "ரெண்டுல எது வேணா அடிச்சுக்கோங்க தம்பி. ப்ளூ கீல்னு போயிடாதீங்க. நாளைக்கு வேற ஆள் குடி வரணும்ல?" பெயிண்டுக்கும் கூலிக்கும் காசு என்னுடையது.

நானும் ஒழுங்காகத்தான் தேர்வு செய்யப் பார்த்தேன். சுவரில் இரண்டையும் ஒரு முழத்துக்கு அடித்துவைத்து ஒரு வாரம் பார்த்தேன். காலையில் இரண்டும் ஒன்று. சாயங்கால வெயிலில் ஒன்று ரோஸ் அடிக்கிறது. டியூப்லைட்டில் மற்றது லேசாகப் பச்சை. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்துபோவதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். ஆக, வித்தியாசம் நிஜம். தேர்வுதான் பொய். மற்ற எல்லா நிறங்களையும் எடுத்துவிட்டு மிச்சம் இரண்டை நீட்டுவதற்குப் பெயர் தேர்வு இல்லை.

இதை 'நியூட்ரல்' என்கிறார்கள். எதில் நியூட்ரல்? டேவிட் பாட்ச்லர் 2000இல் எழுதிய 'குரோமோஃபோபியா'வில், மேற்கத்திய ரசனை நிறத்தை எப்படியெல்லாம் ஒதுக்கியது என்று காட்டுகிறார்: பெண்களுக்கானது, கீழைத்தேயத்தது, குழந்தைத்தனமானது, மேலோட்டமானது. நாம் அதற்கு வைத்திருக்கும் சொல் இன்னும் சின்னது: 'பட்டிக்காட்டுத்தனம்.'

அழுக்கு தெரியாது, ரூம் பெருசா தெரியும் என்பீர்கள். சரி. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த என் ஆச்சி வீடும் பெருசாகத்தான் தெரிந்தது. அடுத்து யார் வருவார்கள் என்று அந்தச் சுவரை யாரும் கேட்கவில்லை.

அறை அம்மாவுக்கு. போன மாதம்தான் கண்புரை ஆபரேஷன். புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் பாரித்து நீலத்தைத் தடுத்துவிடும். எடுத்ததும் நீலம் திரும்பி வரும். 1923இல் ஆபரேஷனுக்குப் பிறகு ஓவியர் மொனே, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். அம்மா புலம்பவில்லை. பாத்ரூமிலிருந்து கூப்பிட்டு, "ஏண்டா, இந்த வாளி இவ்ளோ நீலமாவா இருந்துச்சு?" என்றாள்.

இத்தனை வருஷம் உலகத்தையே பிஸ்கட் கலரில் பார்த்தவளுக்கு, கண் திரும்பிய பிறகும் பிஸ்கட்டா?

வாடகை ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தேன். நிறம் பற்றி ஒரு வரி இல்லை. "காலி பண்றப்ப உங்க கலரை நானே அடிச்சுத் தர்றேன் சார்" என்று மெசேஜ் போட்டேன். இன்னும் பதில் இல்லை. பெயிண்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வான நீலம், நாலு லிட்டர்.