மூன்று முதல் பாகங்கள்

ஒரு கணக்கு. மூன்று பாகக் கதை ஒன்று இருக்கிறது. அதை மூன்று தடவை எடுக்க ஆரம்பித்தால் மொத்தம் எத்தனை படம்? ஒன்பது என்பீர்கள். ஹாலிவுட் கணக்கில் மூன்று. மூன்றுமே முதல் பாகம்.

டெர்மினேட்டரைத்தான் சொல்கிறேன். 2009-ல் 'டெர்மினேட்டர் சால்வேஷன்' வந்தது. புதிய மூன்று பட வரிசையின் ஆரம்பம் என்றார்கள். அடுத்தது வரவில்லை. 2015-ல் 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்'. இதுவும் புதிய வரிசையின் ஆரம்பம்தான். அடுத்த இரண்டு படங்களுக்கு 2017, 2018 என்று ரிலீஸ் தேதியே குறித்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகும்போதே பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட்டு வாங்கின மாதிரி. அதுவும் வரவில்லை. 2019-ல் 'டெர்மினேட்டர் டார்க் ஃபேட்'. மறுபடி புது வரிசை, மறுபடி முதல் படம், மறுபடி முற்றுப்புள்ளி. போதாததற்கு 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் 'டெர்மினேட்டர் ஜீரோ' என்றொரு அனிமேஷன் தொடர். எட்டு எபிசோடு. ஒரே சீசனோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

இப்போது மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. முதல் இரண்டு படங்களை எடுத்த ஜேம்ஸ் கேமரூன், அடுத்த டெர்மினேட்டர் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாக 2025-ல் பேட்டிகளில் சொன்னார். அர்னால்டு இருக்கமாட்டார். தன் பங்கு முடிந்துவிட்டது என்று அவர் 2023-லேயே சொல்லியாகிவிட்டது. ரசிகர்கள் வழக்கம்போல இரண்டு கட்சி. 'கேமரூனே வருகிறார், இந்தத் தடவை தப்பாது' என்று ஒரு கட்சி. 'ஐயோ, மறுபடியுமா?' என்று இன்னொன்று.

'ஒரு மிஷின் மனுஷன் படத்துக்கு இவ்வளவு கவலையா? பிடிக்கலைன்னா பார்க்காதே. பழைய படம் உன் அலமாரியில் அப்படியேதானே இருக்கு, யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வரவு செலவு. நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று வரவு எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவு பிறக்கும்.

1984-ல் முதல் படத்தின் செலவு சுமார் 64 லட்சம் டாலர். ஹாலிவுட்டில் அது டீக்காசு. வசூல் ஏழு கோடியே எண்பது லட்சம் டாலருக்குப் பக்கம். அந்தக் கதையின் உரிமையைக் கேமரூன் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார். நிபந்தனை ஒன்றுதான். படத்தை நான்தான் இயக்குவேன். 1991-ல் இரண்டாம் பாகம். செலவு சுமார் பத்து கோடி, வசூல் ஐம்பத்திரண்டு கோடி. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தை எடுத்த கரோல்கோ கம்பெனி 1995-ல் திவால். உரிமை கை மாறியது. 2003-ல் மூன்றாம் படம். மறுபடி கை மாறியது. 'சால்வேஷன்' எடுத்த ஹால்சியன் கம்பெனி, படம் வந்த அதே 2009-ல் திவால் மனு போட்டது. 2010-ல் ஏலம். இரண்டு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் டாலருக்கு எடுத்தது யார் தெரியுமா? இன்னொரு சினிமாக் கம்பெனி இல்லை. பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம். ஹால்சியனுக்குக் கடன் கொடுத்த பார்ட்டி. அடகு வைத்த நகையைக் கடைக்காரரே ஏலத்தில் எடுத்த கதை. அடுத்த வருஷமே அது வேறொருவருக்குப் போனது.

ஒரு டாலர் பண்டம் இரண்டு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் டாலருக்கு எப்படிப் போனது? அந்தப் பேப்பரில் என்ன இருந்தது? புதுக்கதை இல்லை. திரைக்கதை இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. கணக்குப் புத்தகத்தில் அதை 'நற்பெயர்' என்று எழுதுவார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கடையை விற்கும்போது, உள்ளே இருக்கும் மேஜை நாற்காலிக்கு மேலே வாடிக்கையாளரின் பிரியத்துக்கு ஒரு விலை போடுவார்கள் இல்லையா, அது. ஏலம் போனது உங்கள் பிரியம் சார். 1991-ல் தியேட்டரில் நீங்கள் அடித்த கைதட்டலை ஒருவர் அடகு வைத்தார், இன்னொருவர் ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் அதை வைத்துக் காசு பண்ணியாக வேண்டும். அதற்காகத்தான் அடுத்த பாகம். சொல்வதற்குக் கதை இருந்ததால் இல்லை, கையில் உரிமை இருந்ததால்.

ஆனால் பணம்கூட இரண்டாம் பட்சம். எனக்குப் பெரிய கோபம் வேறு இடத்தில்.

இரண்டாம் பாகம் எதைப் பற்றிய படம்? துப்பாக்கி, லாரி, உருகி ஓடும் உலோக மனிதன் எல்லாம் மேல்பூச்சு. சாரா கானர் என்ற பெண்ணுக்கு எதிர்காலம் தெரியும். 1997 ஆகஸ்ட் 29-ல் உலகம் அணுகுண்டில் எரியப்போகிறது. அவள் அதை எதிர்த்து நிற்கிறாள். விதி என்று முன்கூட்டி எழுதிவைத்தது ஒன்றுமில்லை, மனிதன் நினைத்தால் மாற்றலாம் என்பதுதான் படத்தின் மொத்தச் சாரம். கடைசிக் காட்சியில் இருட்டில் ஒரு நெடுஞ்சாலை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதே நம்பிக்கை. உலகம் பிழைத்துக்கொண்டது, சாரா கிழவியாகிப் பேரப்பிள்ளை கொஞ்சுகிறாள் என்று ஒரு முடிவையும் எடுத்துவைத்திருந்தார் கேமரூன். அதை வெட்டிவிட்டு இந்தச் சாலையை வைத்தார்.

அந்தச் சாலையில் அப்புறம் வந்த ஒவ்வொரு படமும் என்ன செய்தது? 2003-ல் வந்த மூன்றாவது சொன்னது: உன்னால் எதையும் மாற்ற முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். கடைசியில் குண்டு விழுந்தது. 2015 படம், சாரா உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய மகன் ஜானையே இயந்திரமாக்கி வில்லன் ஆக்கியது. 2019 படம் ஆரம்பித்த சில நிமிஷத்தில் அதே ஜானைச் சுட்டுக் கொன்றது. ஒருவர் வில்லனாக்கினார், ஒருவர் கொன்றார். அந்தப் பெண் பட்ட பாடெல்லாம் ஒரு டைட்டில் கார்டு ஓடும் நேரத்தில் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள்.

'அலமாரியில் பழைய படம் அப்படியே இருக்கு' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. தட்டு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைசிச் சாலையைப் பார்க்கும்போது இனிமேல் 'பிழைத்தார்கள்' என்று தோன்றாது. 'பாவம், இதுக்கு மேலேதான் இருக்கு' என்று தோன்றும். முடிந்த கதையின் அர்த்தம் மாறிவிடுகிறது. அது திருட்டுதான். பூட்டை உடைக்காமல் செய்த திருட்டு.

அப்படியானால் இரண்டாம் பாகமே எடுக்கக்கூடாதா? யார் சொன்னது? நான் இவ்வளவு நேரம் கொண்டாடியதே ஒரு இரண்டாம் பாகத்தைத்தான். கேமரூனின் இன்னொரு படம் 'ஏலியன்ஸ்', 1986. அதுவும் இரண்டாம் பாகம்தான். ரிட்லி ஸ்காட் 1979-ல் எடுத்தது, இருட்டில் ஒளிந்து பயமுறுத்தும் பேய்ப்பட ஜாதி. கேமரூன் அதைப் போர்ப் படமாக்கினார். நடுவே ஒரு தாயின் கதையை வைத்தார். டெர்மினேட்டரில் கொல்ல வந்தவனையே காவல்காரன் ஆக்கினார். இரண்டுக்கும் ஏழு வருஷ இடைவெளி. அந்த ஏழு வருஷமும் புதிதாக ஒன்றைச் சொல்லக் கிடைத்த நேரம். அதே மாவைத் திரும்ப அரைப்பது வேறு, அதே அடுப்பில் வேறு பலகாரம் செய்வது வேறு.

சரி, ஸ்டூடியோவைத் திட்டியாச்சு. நம் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். ரசிகர் என்றால் உத்தமர் என்று அர்த்தமில்லை. 2017-ல் 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடாய்' வந்தபோது, பாத்திரம் பிடிக்கவில்லை என்பதற்காக நடிகை கெல்லி மேரி ட்ரானை இனத்தைச் சொல்லி, உருவத்தைச் சொல்லிக் கரித்துக்கொட்டினார்கள். அவர் 2018-ல் இன்ஸ்டாகிராம் பதிவுகளையே அழித்துவிட்டு ஒதுங்கினார். படம் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு பெண்ணை அழவைக்க இல்லை. சம்பளத்துக்கு நடிக்க வந்தவர் உங்கள் பால்யத்துக்கு வாட்ச்மேன் அல்ல.

இன்னொரு குற்றமும் நம் மேல் உண்டு. 'பிளேட் ரன்னர்' வந்து 35 வருஷம் கழித்து, 2017-ல் 'பிளேட் ரன்னர் 2049' எடுத்தார் டெனி வில்னவ். பழைய கதையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேள்வியை இன்னும் ஆழமாக்கிய படம். அவசரமே இல்லாத படம். தியேட்டருக்கு வேண்டிய கூட்டம் வரவில்லை. நஷ்டம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 'ஜெனிசிஸ்' உலகம் முழுக்க நாற்பத்துநான்கு கோடி டாலர் வசூலித்தது. அந்தப் படத்தின் ஒரே அதிர்ச்சியை, ஜான்தான் வில்லன் என்பதை, ட்ரெய்லரிலும் போஸ்டரிலும் அவர்களே போட்டு உடைத்தார்கள். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்ற நினைப்பில்தான் அந்தக் காட்சிகளை எடுத்ததாக டைரக்டர் ஆலன் டெய்லரே வருத்தப்பட்டார். அதே கேமரூன் அந்தப் படத்துக்கு விளம்பரத்தில் வந்து, தன் மனதில் இதுதான் மூன்றாவது படம் என்று சான்றிதழும் கொடுத்தார். நாலு வருஷம் கழித்து அவரே தயாரித்த 'டார்க் ஃபேட்', இரண்டாம் பாகத்தின் நேரடித் தொடர்ச்சி என்று வந்து நின்றது. ஆக, மூன்றாவது படம் மட்டும் மூன்று இருக்கிறது. கேமரூன் வருகிறார் என்று குதிக்கும் கட்சி இதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனைக்கும் இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. 1984-ல் யோசிக்கும் இயந்திரம் என்பது கற்பனை. இன்றைக்கு அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எழுதித் தருகிறது. நிஜம் இந்த வேகத்தில் ஓடும்போது கதை எழுதுவது சிரமமாக இருக்கிறது என்று கேமரூனே சொல்லியிருக்கிறார். அந்தச் சிரமம்தான் எனக்கு ஒரே நம்பிக்கை. சுலபமாக எழுதின ஸ்கிரிப்டுகளின் லட்சணத்தைத்தான் நாலைந்து தடவை பார்த்துவிட்டோமே. தோல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, துரத்தும் லாரி எல்லாம் வேண்டாம். துப்பாக்கியே தூக்காமல், சிரித்த முகத்தோடு உதவி செய்ய வரும் இயந்திரத்தைப் பற்றி ஒருத்தர் யோசித்துப் பயமுறுத்தட்டும். முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன்.

அதுவரைக்கும் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடாதீர்கள். பெயருக்காக டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். படம் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னால் நாலு தடவை போய்ப் பாருங்கள். நற்பெயருக்கும் தேய்மானம் உண்டு என்று அவர்களுக்குப் புரிகிற ஒரே இடம் வசூல் கணக்குதான்.

தயாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. மூன்று படம் எடுப்போம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்று எடுங்கள். அதற்கு ஒரு முடிவு இருக்கட்டும்.