பழைய கைப்பேசியும் வீட்டுக் கணினியும்



உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து, துணி அடுக்குகளுக்குப் பின்னால் சற்றுத் தேடிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ பழைய கைப்பேசிகள் அங்கே இருக்கும். புதிய கைப்பேசி வாங்கிய அன்று, “இதிலுள்ள படங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லி வைத்தவை அவை. அந்தப் “பிறகு” பல வீடுகளில் இன்னும் வரவே இல்லை.

அவற்றுக்குள் என்ன இருக்கின்றன? மூத்த மகளின் நிக்காஹ் படங்கள் இருக்கும். வளைகுடாவிலிருந்து கணவர் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கும். வீட்டுப் பத்திரத்தைப் பிடித்து வைத்த படம் இருக்கும். மௌத்தாகிவிட்ட அத்தா, பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கொஞ்சிய அரை நிமிடப் பேச்சும் இருக்கலாம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மறுபடி வாங்க முடியாத பொருள்கள் இவை. ஆனால் கைப்பேசியின் பேட்டரிக்கும் நினைவகத்துக்கும் ஆயுள் உண்டு. காத்திருக்கக் காத்திருக்க, எடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்களே என்று நீங்கள் கேட்கலாம். தருவார்கள். ஆயினும் அந்தக் கைப்பேசிக்குள் நம் வீட்டுப் பெண்களின் படங்களும், குடும்பப் பேச்சுகளும், வங்கிச் செய்திகளும் இருக்கின்றன. அத்தனையையும் அறிமுகமில்லாத ஒருவர் கையில் ஒரு நாள் முழுவதும் விட்டு வைப்பது சரிதானா? இதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். சரியான ஒரு கேபிள், ஒரு கணினி, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உடனிருந்தால் இன்னும் எளிது.

வீட்டுக்கு வீடு கணினி வேறு

எல்லாக் கணினிகளும் ஒன்றல்ல. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வீடுகளையே எடுத்துக்கொள்வோம். கடைக் கணக்குக்கு வாங்கிய கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளம் இருக்கும். சிவகாசியின் அச்சுத் தொழிலில் வடிவமைப்பு வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால், அவர் மாக் கணினி வைத்திருக்கலாம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அந்த மடிக்கணினி இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கைப்பேசியிலும் பல வகை உண்டு. ஒரு கணினியோடு சட்டென்று பேசும் கைப்பேசி, மற்றொரு கணினியில் செருகினால் வாய் திறவாமல் கிடக்கிறது. “போன் கெட்டுப் போயிற்று” என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. காரணம் வேறு.

கிட்டங்கிச் சாவி

2011-க்கு முன் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், கணினியோடு இணைத்ததும் தம் நினைவக அட்டையை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும். ஒரு வியாபாரி தம் கிட்டங்கிச் சாவியையே அடுத்தவர் கையில் கொடுப்பதைப் போன்றது இது. சாவி திரும்பி வரும் வரை உரிமையாளரும் உள்ளே போக முடியாது. இடையில் கேபிளை உருவினால் உள்ளிருக்கும் கணக்கே குழம்பிவிடும்.

2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3, 4 ஆகிய பதிப்புகளோடு எம்டிபி என்னும் முறை வழக்கத்துக்கு வந்தது. இதில் சாவி கைமாறுவதில்லை. கிட்டங்கிக் கணக்கர் வாசலில் உட்கார்ந்து, கேட்ட மூட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறார். இந்த முறையை வகுத்தது மைக்ரோசாப்ட் நிறுவனம். ஆகவே விண்டோஸ் கணினிக்கு இது தாய்மொழி. லினக்ஸ் பின்னால் கற்றுக்கொண்டது. மாக் கணினிக்கு இம்மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நாம்தான் அமர்த்தித் தர வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேபிளைப் பாருங்கள்

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவு விலைக் கேபிள்கள் பலவற்றில் பின்னிரண்டு கம்பிகளும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கேபிளில் சார்ஜ் ஏறும். ஆனால் கணினி கைப்பேசியைக் காணாது. ஆகவே கைப்பேசியோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். இல்லையெனில், தகவல் பரிமாற்றத்துக்கும் உதவுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கைப்பேசியின் பூட்டைத் திறந்த பிறகே கேபிளைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்து, செருகியதும் சார்ஜ் மட்டும் ஏறுவதே வழக்கமாகிவிட்டது. திரையின் மேல்பகுதியைக் கீழ்நோக்கி இழுத்தால் யுஎஸ்பி பற்றிய அறிவிப்பு தெரியும். அதைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று கணினிகளில் செய்யும் விதம்

விண்டோஸ் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் கைப்பேசியின் பெயரைத் தாமே காட்டும். அதைத் திறந்து ‘டிசிஐஎம்’ என்ற கோப்புறைக்குள் சென்றால் கேமராவில் பிடித்த படங்கள் கிடைக்கும்.

லினக்ஸில், அண்மைய பதிப்புகள் கோப்பு மேலாளரின் இடப்பக்கத்திலேயே கைப்பேசியைக் காட்டிவிடும். பழைய பதிப்பு காட்டாவிட்டால், அதே மடிக்கணினியை விண்டோஸில் தொடங்கிப் பாருங்கள்.

மாக் கணினிக்குக் கூகுள் நிறுவனம் முன்பு ‘ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்ற மென்பொருளைத் தந்துவந்தது, பின்னர் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ‘ஓபன்எம்டிபி’ என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. படங்கள் மட்டும் போதுமென்றால் அதுவும் தேவையில்லை. கைப்பேசியின் அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றத்துக்குப் பதில் பிடிபி என்பதைத் தேர்ந்தெடுத்து, மாக்கிலேயே உள்ள ‘இமேஜ் கேப்சர்’ மென்பொருளைத் திறந்தால் படங்கள் வந்துவிடும்.

நினைவக அட்டை உள்ள கைப்பேசியானால் இன்னொரு வழியும் உண்டு. கைப்பேசியை அணைத்து, அட்டையைக் கழற்றி, அட்டை படிப்பானில் இட்டு, எந்தக் கணினியிலும் செருகலாம். மூன்று இயங்குதளங்களும் அதைப் படிக்கும். பழைய நோக்கியா கைப்பேசிகளுக்கு இதுவே சிறந்த வழி. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியதையும், அந்நாளில் நம் வீடுகளில் நோக்கியா இல்லாத வீடே அரிது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேபிளில் இணைத்தால் அது சில முறைகளைப் பட்டியலிட்டுக் கேட்கும். ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த ஐபோன்

ஐபோனில் முதற்சிக்கல் கேபிள்தான். 2011-இல் வந்த 4எஸ் வரை அகலமான 30 ஊசிச் செருகி. 2012-இல் வந்த 5 முதல் லைட்னிங். 2023-இல் வந்த 15 முதல் யுஎஸ்பி-சி. உங்களுடையது எது என்று பார்த்து வாங்குங்கள். இணைத்ததும், இக்கணினியை நம்பலாமா என்று ஐபோன் கேட்கும். ஆம் என்று தொட்டுக் கடவு எண்ணை இட்டால்தான் கதவு திறக்கும். விண்டோஸில் முதலில் ஐடியூன்ஸ் மென்பொருளை நிறுவிக்கொள்வது நல்லது. மாக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் ‘ஃபைண்டர்’ அந்த வேலையைச் செய்கிறது. படங்களை எடுக்க ‘இமேஜ் கேப்சர்’ இங்கும் உதவும். 2017-க்குப் பின் பல ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. அவை கணினியில் திறக்காவிட்டால், ஐபோன் அமைப்புகளில் படங்கள் பகுதிக்குச் சென்று, கணினிக்கு மாற்றும் முறையைத் ‘தானியங்கி’ என்று வைத்து மறுபடி எடுங்கள்.

குரல் எங்கே இருக்கிறது?

படங்களை எடுத்து முடித்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். குரல் செய்திகள் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன என்பதை அறிவதில்லை. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட கைப்பேசிகளில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. ஆனால் செயலி இயங்காமற் போனாலும் குரல் கோப்புகள் நினைவகத்தில் அப்படியே இருக்கும். ஆகையால் அவற்றை எடுக்கும் முன் வாட்ஸ்அப்பை நீக்கிவிடாதீர்கள்.

பழைய கைப்பேசியில் ‘வாட்ஸ்அப்’ கோப்புறையைத் திறந்து ‘மீடியா’வுக்குள் செல்லுங்கள். சற்றுப் புதியதானால் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’ என்று போக வேண்டும். அங்கே ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ இருக்கும். உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகள் தெரியும். 201924 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் என்று பொருள். கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும். அத்தா எந்த மாதத்தில் பேசினார் என்பது நினைவிருந்தால், ஆயிரம் கோப்புகளுக்கிடையிலும் அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிடலாம். இக்கோப்புகளை மூன்று கணினிகளிலும் ‘விஎல்சி’ என்ற இலவச மென்பொருள் ஒலிக்கச் செய்யும். ஐபோனில் இக்கோப்புறைகள் கேபிள் வழியாகத் தெரியா. வாட்ஸ்அப் திறக்கும் நிலையில் இருக்கும்போதே, வேண்டிய குரல் செய்தியைப் பகிர்தல் வழியாகக் கோப்புகளில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

எடுக்கும்போது நான்கு செய்திகளை மனத்திற்கொள்ளுங்கள். ‘வெட்டு’ என்பதைத் தொடாமல் ‘நகலெடு’ என்பதையே பயன்படுத்துங்கள். ஐயாயிரம் படங்களை ஒரே மூச்சில் இழுக்காமல் சில நூறு சில நூறாக எடுங்கள். கணக்கரும் களைத்துப் போவார். எடுத்தபின் இரு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, சிலவற்றைத் திறந்து பாருங்கள். கணினியில் ஒரு படியும், தனி வட்டு ஒன்றில் மற்றொரு படியும் வையுங்கள்.

தொடுதிரை வேலை செய்யாவிட்டால்?

படம் தெரிகிறது, தொட்டால் அசையவில்லை என்றால், ஓடிஜி என்னும் சிறு இணைப்பியில் கணினியின் மவுஸைச் செருகிப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறக்கலாம். பிறகு மவுஸைக் கழற்றிக் கணினிக் கேபிளைச் செருகுங்கள். பூட்டின் கடவு எண் மறந்துவிட்டால் நிலைமை கடினம். ஆண்ட்ராய்டு 6-க்குப் பின் வந்த பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டே இருக்கிறது. “உடைத்து எடுத்துத் தருகிறேன்” என்பாரை எளிதில் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வீங்கிய பேட்டரி: எச்சரிக்கை

வெப்பமும் உராய்வும் என்ன செய்யும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகத் தடை இருப்பதையும் அவர்கள் அறிவார்கள். அதே கவனம் வீட்டிலும் வேண்டும். பழைய கைப்பேசியின் பின்மூடி எழும்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தவே கூடாது. கழற்றும் வகையானால் புதிய பேட்டரி வாங்கிப் போடுங்கள். கழற்ற முடியாததானால், பழுது பார்ப்பவரிடம் உடனிருந்து பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு, படங்களை வீட்டில் வந்து எடுங்கள். நல்ல நிலையில் உள்ளதையும் மெத்தை மீது வைத்துச் சார்ஜ் செய்யாமல் வெறுந்தரையில் வையுங்கள். தீப்பெட்டியோ பட்டாசோ இருக்கும் இடத்தின் அருகில் வேண்டவே வேண்டா.

பிறருக்குக் கொடுக்குமுன்

எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, இனி விற்றுவிடலாம் அல்லது வேலைக்கு வரும் அம்மாளின் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். படங்களை அழித்தால் மட்டும் போதாது. அழித்தவற்றை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. சிம்மையும் நினைவக அட்டையையும் முதலில் எடுத்துவிடுங்கள். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டு 4, 5 ஆகியவற்றில் பாதுகாப்பு அமைப்புகளில் கைப்பேசியை மறைகுறியாக்கும் வசதி இருக்கும். அதை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். அப்போது எஞ்சியிருப்பதும் யாருக்கும் விளங்காத குப்பையாகிவிடும்.

நம்மை நம்பிப் படத்துக்கு நின்றவர்கள், நம்மை நம்பிப் பேசி அனுப்பியவர்கள் ஆகியோரின் அமானிதம் அந்தச் சிறிய கருவிக்குள் இருக்கிறது. அதைப் பத்திரமாக வெளியே எடுப்பதும், பிறகு அந்நியர் கண்ணில் படாமல் துடைப்பதும் நம் பொறுப்பே. வருகிற விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பீரோவைத் திறவுங்கள். கேபிளைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.