படுக்கையில் விழுந்தால்தான் காப்பீடா?

சர்க்கரை நோய் முற்றி, காலில் புண் வைத்து, விரலையோ பாதத்தையோ எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்கிறது. அந்தப் புண்ணே வராமலிருக்க மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கிடைப்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போனால் காப்பீட்டு அட்டை செல்லும். சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் செல்லாது. “சுகருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் வராதுங்க, அட்மிஷன் போட்டா வரும்.” மருத்துவமனை கவுன்டர்களில் சாதாரணமாகச் சொல்லப்படும் பதில் இது. சொல்பவர்மேல் தப்பில்லை. நம் காப்பீடுகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இதனால் பாதிக்கப்படுவோர் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல், நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல் என்றது அது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதாவது ஏழு பேரில் ஒருவர்.

செலவு எங்கே, காப்பீடு எங்கே?

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களின் செலவு ஒரே நாளில் வந்து இடிப்பதில்லை. மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. தொடக்கத்தில் மெட்ஃபார்மின் மட்டும்தான்; செலவு பெரிதாகத் தெரியாது. சில வருடங்களில் இன்னொரு சுகர் மாத்திரை சேரும். பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று சேரும். பிறகு இன்சுலின். அதோடு மூன்று மாத சராசரி சர்க்கரை, கிரியேட்டினின், வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சமாளிக்கக்கூடிய தொகைதான். ஆனால் இது வாழ்நாள் முழுக்கத் தொடரும் செலவு.

வருமானம் குறைவான வீட்டில் இந்தச் செலவில்தான் முதலில் கை வைக்கிறார்கள். இரண்டு வேளை மாத்திரை ஒரு வேளையாகிறது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அதுவும் நிற்கிறது. ‘இப்ப ஒண்ணும் செய்யலையே’ என்று பரிசோதனை தள்ளிப்போகிறது. உடம்பும் உடனே எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஏறியே இருக்கும் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துப் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. மரத்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகே வீட்டுக்காரர்கள் கவனிக்கிறார்கள். அப்போது அட்மிஷன், அறுவை சிகிச்சை, காப்பீடு எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. வேலையும் சம்பளமும் போனது போனதுதான். காப்பீடு அதைத் திருப்பித் தராது.

அட்டை எதற்குச் செல்லும்?

தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது அது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று யாரையும் ஒதுக்குவதில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. நாள்பட்ட நோயாளிக்கு இவை பெரிய விஷயங்கள்.

ஆனால் இதன் பட்டியல் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகளும் உள்நோயாளி சிகிச்சைகளும்தான். பரிசோதனைகளும் சிகிச்சைக்குப் பிந்தைய தொடர் கவனிப்பும் குறிப்பிட்ட சிலவற்றுக்கே உண்டு. சுகருக்கு வெளிநோயாளியாக வந்து போகிறவருக்கு அட்டையால் பயனில்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நடமாட முடியாத முதியவர்களுக்கு இது உண்மையான உதவி. விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் கட்டடத் தொழிலாளிக்கும், சொந்த ஊரில் பதிவு செய்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் இது எட்டுவது கடினம். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கும் நோயாளிகூட மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், அந்த இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் சம்பளம்.

அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. ஒரு ஜவுளிக்கடையில் மாதம் 12,000 ரூபாய் வாங்கும் விற்பனையாளர், வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்காவிட்டாலும், வரம்பைத் தாண்டிவிடுகிறார். தனியார் பாலிசி எடுக்கும் வசதியும் அவருக்கு இல்லை.

இ.எஸ்.ஐ. காட்டும் வழி

வெளிநோயாளி செலவைக் காப்பீட்டில் சேர்த்தால் கட்டுப்படியாகாது என்பது வழக்கமான வாதம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமே அதற்குப் பதில். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடிக்கப்படுவது 90 ரூபாய். முதலாளி கட்டுவது 390 ரூபாய். இதற்கு டாக்டர், மாத்திரை, பரிசோதனை, அட்மிஷன் எல்லாமே குடும்பத்துக்கும் சேர்த்து உண்டு. ஓய்வு பெற்ற பிறகும், குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இது தெரியாமலேயே பலர் ஓய்வுக்குப் பின் மருந்துக்கடையில் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் கூட்டமும் மருந்துத் தட்டுப்பாடும் பற்றிய புகார்கள் உண்டு. அவை நிர்வாகத்தின் கோளாறுகள். திட்டத்தின் அடிப்படையில் பிழையில்லை. பிழை சம்பள வரம்பில் இருக்கிறது. 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயித்தார்கள். அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. சம்பளம் சில நூறு ரூபாய் கூடியதற்காக இருபது வருட சர்க்கரை நோயாளி இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேற வேண்டியிருப்பது என்ன நியாயம்?

தனியார் பாலிசியின் சிக்கல்கள்

சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்களுக்கு வேறு தொல்லைகள். முதல் தொல்லை முன்மொழிவுப் படிவத்திலேயே தொடங்குகிறது. “சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் கூடும், விடுங்க” என்று சொல்லி ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், கையெழுத்து நம்முடையது. கிளெய்ம் போகும்போது மருத்துவமனையின் பழைய சீட்டில் ‘பத்து வருடமாகச் சர்க்கரை’ என்ற ஒரே வரி போதும், நிராகரித்துவிடுவார்கள். ஏஜென்ட்டை அப்போது தேடினாலும் கிடைக்கமாட்டார். நோயை மறைக்காமல் எழுதுவதே பாதுகாப்பு. படிவத்தில் சொல்லப்பட்ட நோயைத் தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதே நோயைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கின் பாலிசிதாரர் சர்க்கரை நோயாளிதான்.

இரண்டாவது, வெளியில் செய்யும் பரிசோதனைக்குப் பணம் வராது என்பதால் ‘ஒரு நாள் அட்மிஷன் போட்டு எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாம்’ என்ற யோசனை. பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்பட்டால் பணம் கிடையாது என்பது பாலிசிகளில் உள்ள நிரந்தர விதிவிலக்கு. படுக்கை வாடகையும் சேர்ந்து நோயாளி தலையில் விழும். காப்பீட்டின் அமைப்பு தப்பாக இருப்பதால் மருத்துவமனை, நோயாளி, நிறுவனம் மூவருமே கோணல் வழியில் நடக்கிறார்கள்.

கையில் உள்ளதை விடாதீர்கள்

விதிகள் மாறும்வரை, இருக்கும் உரிமைகளையாவது முழுதாகக் கேட்டுப் பெற வேண்டும்.

• ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். முன்பு 48 ஆக இருந்தது. பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தாலொழிய ‘நோயை மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுக்க முடியாது. ஆகவே புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் காத்திருந்த காலம் கணக்கில் வரும்.

• அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவும் பாலிசியில் உண்டு. ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்ற பொதுப் பாலிசியில் அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள். டிஸ்சார்ஜ் ஆனதும் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

• பல பாலிசிகளில் ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனை இருக்கிறது. இருக்கிறதா என்று பார்த்து, தவறாமல் பயன்படுத்துங்கள்.

• கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு. தாமதத்தால் கூடும் மருத்துவமனைக் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு.

• கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிக்கலாம். ஆணையத்தின் உதவி எண் 155255.

• அரசு அட்டை வைத்திருப்பவரிடம் மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார் செய்யலாம். திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுக்கலாம்.

• தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்கள், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் அதே மாத்திரையின் பொதுப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

அரசும் ஆணையமும் செய்ய வேண்டியவை

இவையெல்லாம் தனிமனிதர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். நோயாளியின் சாமர்த்தியத்தை நம்பி ஒரு மாநிலத்தின் சுகாதாரம் நடக்கக் கூடாது.

முதலாவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சுகர், பிரஷர் நோயாளிகளுக்கென்று ஆண்டு வெளிநோயாளித் தொகுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூன்று மாத சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், விழித்திரை, பாதம் ஆகிய ஐந்து பரிசோதனைகள் அதில் இருந்தால் போதும். கால் எடுக்கும் செலவையும் வருடக்கணக்கான டயாலிசிஸ் செலவையும் இன்று ஏற்பது இதே திட்டம்தான். அவை குறைந்தால் மிச்சமாவது அரசின் பணம்.

இரண்டாவது, மாநிலத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரே பதிவு எண்ணில் மாத்திரை கிடைக்க வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். வேலைக்குப் போவோருக்கு மாலை நேர, ஞாயிறு மருத்துவம் எல்லா ஊரிலும் வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பையும் காலத்துக்கேற்ப உயர்த்த வேண்டும்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை மத்திய அரசு விலைவாசியோடு இணைத்து உயர்த்த வேண்டும். 120 ரூபாய் வசதியை ஒவ்வொருவருக்கும் ஓய்வு பெறும் நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் எல்லா நிறுவனங்களையும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’யை விற்க வைத்ததுபோல, நாள்பட்ட நோய்க்கான பொது வெளிநோயாளிக் காப்பீடு ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். முன்மொழிவுப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். தவறாக நிரப்பிய ஏஜென்ட்டின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகள்மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. வரி போன இடத்தில் இந்தக் காப்பீட்டைக் கூடுதலாகச் சேர்த்தாலும் பாலிசிதாரருக்குப் பெரிய சுமையாக இராது.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் டெல்லியிலும் ஆணையம் இருக்கும் ஹைதராபாத்திலும் முடிவாக வேண்டியவை. அவற்றுக்குத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்க வேண்டும். முதல் இரண்டும் சென்னையிலேயே முடிவெடுக்கக்கூடியவை. வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் இருக்கிறார்கள், 1994இல் தொடங்கப்பட்ட, மருந்து கொள்முதல் செய்யும் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, நோயாளிகளின் பதிவேடும் இருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையின்போது வெளிநோயாளித் தொகுப்பு பற்றிய அறிவிப்பை அமைச்சர் சட்டப்பேரவையில் வெளியிட வேண்டும். அதுவரை ஒவ்வொரு தொகுதியிலும் இந்தக் கேள்வியைச் சட்டமன்ற உறுப்பினரிடம் வாக்காளர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.