அசலும் நகலும்

போன வாரம் நண்பர் ஒருவர் வந்திருந்தார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் எங்கள் தெருவில் அப்பீல் கிடையாது. நான் நாவல் எழுதுகிற பழைய இயந்திரத்தின் கறுப்புத் திரையைக் குனிந்து பார்த்தவர், "ஃப்ரீடாஸா? ஐயோ பாவம்! வைத்துக்கொள்வதுதான் வைத்துக்கொள்கிறீர்கள், அசல் எம்.எஸ்.டாஸை வைத்துக்கொள்ளக் கூடாதா? இது நகல், ஸார்" என்றார்.

டாஸில் எழுதுவதைக் கேலி செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே டாஸில் வேர்டுஸ்டாரைப் போட்டுத்தான் எழுதுவதாக 2014-ல் சொன்னார் என்று பதில்கூடத் தயாராக இருந்தது. ஆனால் 'நகல்' என்றாரே, அது சுட்டது. நாவலுக்கு நாவல் 'இது எதைப் பார்த்து எழுதியது?' என்ற கேள்வியைக் கேட்டுக் காது மரத்துப்போனவன் நான்.

எது ஐயா அசல்? 1974-ல் கேரி கில்டால் என்பவர் சி.பி.எம். என்று ஒன்றை எழுதினார். (கட்சி அல்ல, வாசகர்கள் பயப்பட வேண்டாம்.) அதற்கென்று எழுதப்பட்ட புரோகிராம்களைப் புதிய 8086 சிப்புக்குச் சுலபமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று, அதன் நடைமுறைகளை ஒட்டி 1980-ல் டிம் பேட்டர்ஸன் எழுதியதுதான் 86-டாஸ். அதற்கு முதலில் வைத்த பெயரே 'அவசர அழுக்கு' என்ற அர்த்தம் வருகிற பெயர். 1981-ல் மைக்ரோஸாஃப்ட் அதை விலைக்கு வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. பேட்டர்ஸனைக் குறை சொல்ல மாட்டேன். டிஸ்கில் கோப்புகளை வைக்கும் முறையில் அவர் சி.பி.எம்.மைப் பின்பற்றவில்லை, அதைவிட நல்ல முறையைக் கையாண்டார். கெட்டிக்காரன் எடுத்தாளுவது அப்படித்தான். ஆனால் அதை 'அசல்' என்று மாலை போட்டு உட்கார்த்தாதீர்கள்.

1988-ல் கில்டாலின் டிஜிட்டல் ரிஸர்ச் கம்பெனியே டி.ஆர்.டாஸ் வெளியிட்டது. இங்கேதான் வேடிக்கை. பாட்டன் வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்த்து, 'பேரனைக் காப்பியடித்தவன்' என்றார்கள்! அந்தப் பிள்ளை சாமானியனும் அல்ல. அந்நாளில் புரோகிராம்கள் 640 கே.பி.க்குள் முண்டியடிக்க வேண்டும். அதிலும் டாஸ் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். 1990-ல் வந்த டி.ஆர்.டாஸ் 5, தன் மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டு கூடத்தைக் காலியாக விட்டது. எம்.எஸ்.டாஸுக்கு அந்தப் புத்தி 1991-ல்தான் வந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. 1991 டிசம்பரில் சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட விண்டோஸ் 3.1-க்குள், மறைகுறியிட்டு ஒரு சோதனையை ஒளித்து வைத்திருந்தார்கள். கீழே இருப்பது எம்.எஸ்.டாஸ் அல்ல என்று தெரிந்தால் திரையில் ஒரு பிழைச் செய்தி வரும். பிழை ஒன்றுமில்லை, செய்தி மட்டும் உண்டு. கடைக்கு வந்த பதிப்பில் அதை முடக்கிவிட்டார்கள் என்பது மெய்தான். ஆனால் முழுதும் எடுத்துவிடவில்லை. இதுவும் ஒரு குற்றச்சாட்டாக 1996-ல் கால்டெரா கம்பெனி வழக்குத் தொடர, 2000-ல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஃப்ரீடாஸ் கதை சிறியது. எம்.எஸ்.டாஸைக் கைகழுவப் போகிறார்கள் என்று தெரிந்து, 1994-ல் ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர் 'நாமே எழுதுவோம்' என்று அழைத்தார். பலர் சேர்ந்து எழுதினார்கள். 2006-ல் முதல் முழுப் பதிப்பு, 2025-ல் 1.4. மூலத்தை யாரும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம். எம்.எஸ்.டாஸோ 1994-ல் 6.22-ஓடு தனிக்குடித்தனத்தை முடித்துக்கொண்டது. பழைய விண்டோஸை ஓட்டி மகிழ்கிறவர்களுக்கு அந்த 6.22 தான் சரி. அதில் எனக்குச் சண்டையில்லை. எனக்கு வேண்டியது என் அத்தியாயங்கள் பத்திரமாக இருக்க ஓர் இடம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். காப்பியைக் குடித்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் அசல் அசல்தான், ஸார்" என்றார்.

"உங்கள் அசலை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். 1995-ல் சிநேகிதர் ஒருவர் மூன்று பிளாப்பியில் எடுத்துக் கொடுத்தாராம்.