மழை தராத மேகங்கள்

மேகம் என்றவுடன் மழைதான் நம் நினைவுக்கு வருகிறது. புலவர்கள் போற்றியதும் கார்மேகத்தையே! ஆனால் பெருமழை ஒன்றும் பெய்யாமல், கடல்மேல் போர்வைபோல் தாழ்ந்து கிடக்கும் மேகங்களும் உண்டு. ஸ்ட்ராட்டோகுமுலஸ் என்னும் அவற்றின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

பெரு, சிலி நாடுகளின் கரையோரக் கடல் இவற்றின் தாயகம் எனலாம். அங்கே காற்று மேல்நீரைத் தள்ளிச் செல்ல, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழும் ஈரக்காற்றும் குளிர்கிறது. உயரத்திலிருந்து இறங்கும் வறண்ட வெப்பக்காற்றோ, பானைக்கு மூடியிட்டது போல் மேலே அமர்ந்துகொள்கிறது. மூடிக்குள் அகப்பட்ட ஈரமே மேகமாகப் பரவுகிறது. லிமா நகரத்தார் குளிர்காலத்தில் சூரியனைக் காண்பதே அரிது; ஆயினும் தூறலுக்கு மேல் மழை கிடையாது!

அப்படியானால் இவற்றால் என்ன பயன்? கருநீலக் கடல் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. வெண்ணிற மேகமோ அதைப்போல் பல மடங்கு திருப்பிவிடுகிறது. உலகப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இவையே குடை. கடல் சூடேறினால் இக்குடை சுருங்கும். சுருங்கினால் கடல் மேலும் சூடேறும். எவ்வளவு சுருங்கும் என்பதில்தான் கணிப்பொறிக் கணக்குகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன.

மேகத்துளி ஒவ்வொன்றும் ஒரு தூசியையோ உப்புத்துகளையோ பற்றியே பிறக்கிறது. துகள்கள் மிகுந்தால் துளிகள் சிறுத்துப் பெருகி, மேகம் மேலும் வெளுக்கும். கப்பல் புகையால் மேகத்தில் வெண்கோடுகள் விழுவதை 1960களிலேயே செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது, கோடுகளும் குறைந்தன.

கடல்நீரைத் தெளித்து மேகத்தை வெளுக்கச் செய்து பூமியைக் குளிர்விக்கலாம் என்று 1990இல் ஜான் லேத்தம் என்ற அறிஞர் யோசனை கூறினார். 2020இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளின் அருகே சிறு சோதனையும் நடந்தது. இதில் அவசரம் கூடாது என்பதே எங்கள் கருத்து. துகள் சேர்ந்தால் சில மேகங்கள் தடிக்கின்றன, சில மெலிகின்றன. நாடி பாராமல் மருந்து கொடுக்கலாமா? 2008இல் பல நாட்டு அறிஞர்கள் கப்பல்களோடும் விமானங்களோடும் சிலிக் கடலுக்குச் சென்று அளந்தார்கள். அத்தகைய அளவீடு ஆண்டு முழுவதும், பல கடல்களிலும் நடக்க வேண்டும். செலவு அதிகம், செயற்கைக்கோள் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது மேலிருந்தே பார்க்கிறது; மேகத்தின் அடியில் விழும் தூறலைச் சரியாக அளக்கக் கப்பல்தான் போக வேண்டும்.