எதில் ஊறவைத்தீர்கள், சார்?

மெடிக்கல் ஷாப்களில் இப்போது ப்ளூபெர்ரி, க்ரான்பெர்ரி, அகாய் என்று டப்பா டப்பாவாக மாத்திரைகள். சிலவற்றின் அட்டையில் 'ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் சக்தி' என்று ஒரு பெரிய நம்பர் இருக்கும். சம்பளம் வந்த மறுநாள் இளைஞர்கள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள். பழத்தை எதில் ஊறவைத்து எடுத்த நம்பர் இது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சிரிக்காதீர்கள். சங்கதியே அதில்தான் இருக்கிறது.

காலையில் டிகாஷன் இறக்குகிறீர்களே, அதே வேலைதான் லேபிலும். வெந்நீர் ஒரு கரைப்பான். காபிப் பொடியில் தனக்கு ஒத்துப்போவதை இழுத்துக்கொண்டு மிச்சத்தை ஃபில்டரிலேயே விட்டுவிடும். சட்டையில் தெறித்த சாம்பாரின் மஞ்சள் தண்ணீருக்கு மசியாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கொஞ்சம் வழிக்கு வரும். ஒவ்வொரு கரைப்பானுக்கும் ஒரு சிநேகிதர் வட்டம்.

நாவல்பழமும் ப்ளூபெர்ரியும் நாக்கை ஊதாவாக்குவது ஆந்தோசயனின் என்ற சாயத்தால். (தாவரவியல் கணக்குப்படி கத்தரிக்காயும் வாழைப்பழமும் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை! கத்தரித் தோலிலும் இதே ரகச் சாயம் உண்டு. அதற்கு ஏனோ மவுசு இல்லை.)

ஒரே பழத்தைப் பல பங்காக்கி ஊறப்போடுங்கள். பெட்ரோலுக்குப் பங்காளியான ஹெக்ஸேனில் எண்ணெய்ப் பசைச் சமாச்சாரங்கள்தான் வரும், சாயம் அசையாது. வெறும் தண்ணீரில் ஓரளவு வரும். மெத்தனாலில் துளி அமிலம் சேர்த்தால் சாயம் சிவப்பாகக் கொட்டும், அமிலத்தில் அது நிலைத்தும் நிற்கும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிடோனில் முப்பது சதவீதம் தண்ணீர் இருந்தால் துவர்ப்பு தரும் டானின்கள் நிறைய இறங்கும். ஆல்கஹாலும் சுத்தமாக இருப்பதைவிடத் தண்ணீர் கலந்தால்தான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர் பழத்தின் திசுவை உப்பவைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. (சோடாவோடு கற்பனையை ஓட்டாதீர்கள். இது லேப்.)

ஆக, பழம் ஒன்று, நம்பர் பல. யாரும் பொய் சொல்லவில்லை!

அளக்கிற அம்பயர் எப்படி? டி.பி.பி.எச். என்று ஊதா நிறத்தில் ஒரு வஸ்து. ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் பட்டால் மஞ்சளாக வெளுக்கும். எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவு மார்க். 1958-லிருந்து இந்த வழக்கம். அம்பயர் தண்ணீரில் சரியாகக் கரையமாட்டார், ஆல்கஹாலில்தான் உட்காருவார். போதாக்குறைக்கு, ஊதா வெளுப்பதைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஊதாச் சாயத்தையே ஊற்றுகிறோம். அந்த நிறத்தைக் கழிக்காவிட்டால் கணக்கு கோணல்தான்.

அதிக மார்க் வாங்கித் தருகிற மெத்தனால் யார் தெரியுமோ? 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் பலிவாங்கிய அதே ஆசாமி. லேபில் ஊறவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. மாத்திரைக்குத் தண்ணீரோ சாதா ஆல்கஹாலோதான் சரி. அட்டையில் உள்ள நம்பர் எதில் ஊறியபோது வந்தது என்பதுதான் கேள்வி.

வயிற்றுக்குள் போன பிறகு வேறு கதை. ஆந்தோசயனினில் சொற்பம்தான் உருமாறாமல் ரத்தத்துக்கு வருகிறது. அமெரிக்க விவசாயத் துறை உணவுப் பண்டங்களுக்கு 'ஓராக்' என்று ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் மார்க் பட்டியல் போட்டு வைத்திருந்தது. டெஸ்ட் ட்யூப் மார்க்குக்கும் உடம்புக்கும் சம்பந்தம் நிரூபணமாகவில்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குத் துஷ்பிரயோகம் செய்கின்றன என்று 2012-ல் அதை வாபஸ் வாங்கிவிட்டது.

சிகரெட் பிடிக்கும் நண்பர்கள் இதையும் கேளுங்கள். ஃபின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அதுவும் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்தான். 'பிடிச்சுட்டு ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்' என்கிற ரூம்மேட்டிடம் இதைச் சொல்லுங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எதில் எடுத்தது, எந்தச் சோதனை என்று இருக்கிறதா? நம்பர் மட்டும் மின்னினால் அந்தக் காசுக்கு சீசனில் நாவல்பழம் வாங்கி உப்பு தொட்டுச் சாப்பிடலாம். கரைப்பான், சொந்த எச்சில். மத்தியானம் மீட்டிங் இருந்தால் மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மேனேஜர் உங்கள் நாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.