‘சைனஸ்தானே!’ என்று விட்டுவிடாதீர்கள்

வியாசர்பாடி சர்மா நகர், எம்.கே.பி. நகர் பக்கம் இருப்பவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘அதை ஏன் கேக்கறீங்க!’ என்பார்கள். பக்கத்திலேயே கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் லாரிகள். போகி வந்தால் டயர் புகை வேறு. அறுபதைத் தாண்டியவர்களின் மூக்கு என்ன பாடுபடும்!

ஆனால் வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? ‘அப்பாவுக்கு சைனஸ்தானே, பழகிப்போச்சு’ என்று மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இது தப்பு என்பதுதான் என் கட்சி.

உடனே மூக்கைத் திறந்துவிடும் ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் மூன்று, நான்கு நாளைக்குத்தான். தொடர்ந்து போட்டால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு! மூக்கடைப்பு நீக்கும் மாத்திரைகளோ ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடலாம்.

செலவில்லாத நல்ல வழி, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். 2024, 2025-ல் கேரளாவை நடுங்கவைத்த அமீபா மூளைக் காய்ச்சலில், கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. ஆவி பிடிப்பது இதம்தான். ஆனால் கை நடுங்கும் பெரியவரின் மடியில் வெந்நீர் கவிழ்ந்தால்? பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். தினமும் அடித்து வந்தால்தான், ஓரிரு வாரத்தில் பலன் தெரியும். பெயரைக் கேட்டு பயந்து, நாலாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் அடைப்பும் சளியும் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். ஒரே பக்க மூக்கில் அடைப்பு, ரத்தம் என்றால் இன்னும் சீக்கிரம். சர்க்கரை உள்ளவருக்குக் கண் வீக்கம், இரட்டைப் பார்வை, கன்னத்தில் மரமரப்பு என்றால் அன்றைக்கே! 2021-ல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பது மறந்துவிட்டதா? ராயபுரம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஊர்க் காற்றைச் சுத்தமாக்கச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அது நடக்கும்வரை வீட்டுப் பெரியவர்கள் மூச்சுத் திணறிக் காத்திருக்க முடியாது. இன்று சாயங்காலமே அவர்களின் தலையணைக்குப் பக்கத்தில் பாருங்கள். சொட்டு மருந்து பாட்டில் இருக்கிறதா? எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.